யாங்கோன் தமிழ் அச்சகமும் விண்டோஸ் எக்ஸ்பியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

யாங்கோனில் ஒரு சிறிய தமிழ் அச்சகம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விண்டோஸ் எக்ஸ்பி என்ற பழைய இயங்குதளம் ஓடும் ஒரே கணினியை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. 2024 ஆடி மாதம் அது படுத்துவிட்டது. அதை எப்படி மீட்டோம், எதை மாற்றினோம், எதில் கை வைக்காமல் விட்டோம் என்பதன் பதிவு இது. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளோடு இன்னும் மல்லுக்கட்டும் தமிழ் அச்சகங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் சில இடங்களை விலாவாரியாக எழுதியிருக்கிறேன். அச்சகத்தாரின் பெயரும் தெருவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், விட்டுவிட்டேன்.

பின்னணி

அப்பா காலத்தில் ஈய எழுத்துக் கோத்து அடித்த அச்சகம். மகன் காலத்தில் ஆஃப்செட்டுக்கு மாறியது. அப்போதே உரிமையாளர் சென்னைக்குப் போய் கணினி, விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர் 7, ஒரு தமிழ் எழுத்துரு மென்பொருள் எல்லாவற்றையும் ரசீதோடு வாங்கி வந்துவிட்டார். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை, கோயில் வகுப்புகளுக்கான தமிழ்ப் பாடப்புத்தகம் என்று வேலை நடக்கிறது. 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமை ஆனபின் இங்கே பிள்ளைகள் தமிழ் படிப்பது பெரும்பாலும் கோயில் வகுப்புகளில்தான். அந்தப் பாடப்புத்தகத்தின் மூலக்கோப்பு இந்த ஒரு கணினியில் மட்டுமே இருந்தது.

ஒரே பத்திரிகையில் தமிழ், பர்மியம், ஆங்கிலம் மூன்றும் வரும். தமிழுக்கு ‘டாம்’ முறை எழுத்துருக்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு அறிவித்த இரண்டு குறியேற்றங்களில் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறைகளில்) ஒன்று அது. பர்மியத்துக்கு ‘வின் இன்வா’ எழுத்துரு. இரண்டுமே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தங்கள் எழுத்துகளை உட்கார வைக்கும் பழைய வகை. எல்லா மொழிக்கும் பொதுவான இன்றைய குறியேற்றமான யூனிகோடு பேஜ்மேக்கருக்குத் தெரியாது என்பதால் அன்று இதுதான் வழி, நல்ல வழியும்கூட.

தட்டச்சு வேலையை ஒரு பெண்மணி பார்க்கிறார். எல்லாரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். பழைய தமிழ்த் தட்டச்சு விசைமுறையில் அவர் அடிக்கும் வேகத்துக்கு அந்த அச்சகத்தில் வேறு ஆள் கிடையாது. அந்த விசைமுறையைத் தரும் நிரல் ஓட, கணினியின் பின்னால் பிரிண்டர் போர்ட்டில் உரிமத்தை உறுதிசெய்யும் டாங்கிள் என்ற சிறு வன்பொருள் செருகியிருக்க வேண்டும்.

கணினி நிற்பதற்கு முன்பே தொல்லை தொடங்கியிருந்தது. வாடிக்கையாளர்கள் வைபரிலும் மெசஞ்சரிலும் பத்திரிகை வாசகத்தை யூனிகோடில் அனுப்பிவிடுவார்கள். அக்கா கைப்பேசியை விசைப்பலகைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து மறுபடி அடிப்பார். தாத்தா பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டால் சண்டை வருவது அச்சகத்துக்குத்தான்.

கண்டவை

நான் போனபோது மின்தடை முடிந்து கரண்ட் வந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. கணினி முழுதாக எழும்பாமல், உள்ளே வன்வட்டு ‘டக், டக்’ என்று தட்டிக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றினேன். மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றியுள்ள கபாசிட்டர்களில் மூன்றின் தலை உப்பி, ஒன்றின் ஓரத்தில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. திரையில் தேதி 2002 ஜனவரி. கடிகாரத்துக்கான நாணய பேட்டரி செத்துப் பல காலம் ஆகியிருக்க வேண்டும். கரண்ட் போகும்போதெல்லாம் தேதி பின்னால் ஓடியிருக்கிறது.

‘இன்டர்நெட் திறக்கவில்லை’ என்று பலகாலமாகச் சொல்லிவந்ததில் பாதிக்குக் காரணம் இந்தத் தேதிதான். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் 2002இல் இருக்கும் கணினிக்கு ‘இன்னும் பிறக்காதவை’. மீதிப் பாதி எக்ஸ்பியின் வயது. அதோடு வரும் உலாவி டி.எல்.எஸ். என்ற பாதுகாப்பு நெறிமுறையில் 1.0க்கு மேல் பேசாது; இன்றைய தளங்கள் குறைந்தது 1.2 கேட்கின்றன. எக்ஸ்பிக்கு வந்த கடைசி ஃபயர்பாக்ஸ் 52ஆம் பதிப்பு. அதுவும் 2018உடன் நின்றுவிட்டது.

பென் டிரைவ் இன்னொரு வாசல். கோப்புறைகள் எல்லாம் மறைந்து, அவற்றின் இடத்தில் குறுக்குவழிகள் மட்டும் தெரியும் அந்தப் பழைய வைரஸ் இங்கேயும் குடியிருந்தது. வாடிக்கையாளர் டிரைவிலிருந்து வந்து, அடுத்த வாடிக்கையாளர் டிரைவில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

என்ன செய்வது என்பதில் மூன்று பேருக்கு மூன்று கருத்து. உரிமையாளரின் மகனுக்கு எல்லாவற்றையும் தூக்கிப்போட்டு, புதுக் கணினியில் புது மென்பொருளோடு தொடங்க ஆசை. அக்காவுக்கு அவருடைய விசைமுறை வேண்டும். உரிமையாளர் சொன்னது வேறு: “தம்பி, மிஷின் போனா போகட்டும். உள்ள இருக்கிறது இருபது வருஷத்து ஊர்க் கல்யாணம், ஊர்ச் சாவு. அதுக்கு மட்டும் ஏதாவது பண்ணு.”

அவர் சொன்னதையே முதல் வேலையாக எடுத்துக்கொண்டேன். பழைய இயங்குதளத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து நாம் தொடங்குகிறோம். உண்மையில் காப்பாற்ற வேண்டியது அதன்மேல் குவிந்திருக்கும் வேலை.

முதலில் வன்வட்டு

உப்பிய கபாசிட்டரைத் தொடவில்லை. அந்தக் கணினியை மறுபடி ஓட விடவும் இல்லை. தட்டும் வன்வட்டு ஒவ்வொரு முறை சுழலும்போதும் இன்னும் கொஞ்சம் கெடும். அதைக் கழற்றி, யூ.எஸ்.பி. மாற்றியில் மாட்டி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடும் மடிக்கணினியிலிருந்து டிடி-ரெஸ்க்யூ நிரலால் வட்டு முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாக நகலெடுக்கத் தொடங்கினேன். இந்த நிரலை யாங்கோனில் இருப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் போகும். எதுவரை படித்தது, எங்கே தடுக்கியது என்று ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே வரும். நடுவில் கரண்ட் போய்விட்டதா, பரவாயில்லை. திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்த வேலையின்போது கரண்ட் போகத்தான் போனது. ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து தொடங்கியிருந்தால் அந்த வட்டு தாங்கியிருக்காது.

கடைசியில் படிக்க முடியாமல் போனவை சிதறிக் கிடந்த சில துண்டுகள் மட்டுமே. பாடப்புத்தகக் கோப்பு முழுதாக வந்துவிட்டது. சில பழைய கோயில் மலர்களின் படங்கள் போயின. அவற்றின் அச்சுப் பிரதி உரிமையாளர் வீட்டில் இருந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

புதுக் கணினியில் நேராகப் பேஜ்மேக்கரை ஏற்றலாமா என்ற கேள்விக்குப் பதில் டாங்கிளிடம் இருந்தது. இன்றைய கணினிகளில் அந்தப் பிரிண்டர் போர்ட்டே இல்லை. கடைகளில் கிடைக்கும் யூ.எஸ்.பி. மாற்றிகள் பிரிண்டருக்கு மட்டுமே ஆனவை. டாங்கிள் தேடும் பழைய போர்ட் முகவரி அவற்றில் கிடையாது. விசைமுறை நிரலின் டிரைவரும் 32 பிட். விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே இல்லை. பேஜ்மேக்கருக்கு அடுத்து வந்த இன்டிசைன் மென்பொருளில் அந்தக் கோப்புகளைத் திறக்கும் கடைசிப் பதிப்பு சி.எஸ். 6, அதையும் இன்று புதிதாக வாங்க வழியில்லை.

எக்ஸ்பியை அப்படியே வைத்துக்கொண்டு இணையத்தில் இணைக்கலாமே என்றார் மகன். அதற்கும் வழி உண்டு. மைபால், சூப்பர்மியம் போன்ற உலாவிகளை ஆர்வலர்கள் எக்ஸ்பியிலும் ஓடும்படி இன்றும் உருவாக்கித் தருகிறார்கள். அந்த உழைப்பின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் உலாவி புதிதாக இருந்தாலும் கீழே இருக்கும் இயங்குதளம் பழையதுதான். 2014 ஏப்ரல் 8உடன் எக்ஸ்பிக்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் நிரல் பரவியபோது மைக்ரோசாஃப்ட் விதிவிலக்காக ஒரு திருத்தம் கொடுத்தது. அப்படி விதிவிலக்கு வரும் என்று நம்பிக்கொண்டு ஓர் அச்சகத்தின் இருபது ஆண்டுகளைத் திறந்து வைக்க முடியாது. தவிர, 512 எம்.பி. நினைவகத்தில் இன்றைய இணையப் பக்கம் ஒன்று திறப்பதற்குள் அக்கா ஒரு பத்திரிகையையே அடித்து முடித்துவிடுவார்.

ஆகவே முடிவு இது: எக்ஸ்பி இருக்கட்டும், ஆனால் ஒரு மெய்நிகர் கணினிக்குள் (புதுக் கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினி), இணைய வாடையே படாமல். வெளியே ஒரு செகண்ட் ஹேண்ட் அலுவலகக் கணினி, 8 ஜி.பி. நினைவகம், எஸ்.எஸ்.டி., லினக்ஸ் மின்ட். விண்டோஸ் 10ஐப் போடாததற்குக் காரணம், அதன் ஆதரவும் 2025 அக்டோபரில் முடிவதாக அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11 அந்த வயதுக் கணினியை ஏற்காது. வைபர், மெசஞ்சர், மின்னஞ்சல், பென் டிரைவ் எல்லாம் லினக்ஸோடு நிற்கும்.

டாங்கிளை உடைக்கும் நிரல்கள் கிடைக்கின்றன என்று யாரோ மகனிடம் சொல்லியிருந்தார்கள். ரசீது போட்டு வாங்கிய மென்பொருளை அப்படிக் கையாள உரிமையாளருக்கு மனமில்லை, எனக்கும் இல்லை. தேவையும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. டாங்கிள் காவல் காத்தது விசைமுறையை மட்டும். எழுத்துருக்கள் சாதாரணக் கோப்புகள். லினக்ஸிலேயே பழைய தட்டச்சு விசைமுறை இலவசமாக இருக்கிறது. அங்கே யூனிகோடில் அடித்து, டாம் குறியேற்றத்துக்கு மாற்றி, பேஜ்மேக்கருக்குள் அனுப்பினால் டாங்கிள் வேண்டியதில்லை.

மெய்நிகர் கணினிக்குள் எக்ஸ்பி

பிம்பக் கோப்பை விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் ஏற்றியதும் எதிர்பார்த்தபடி விண்டோஸின் நீலப் பிழைத்திரை வந்தது. பழைய மதர்போர்டின் வட்டுக் கட்டுப்பாட்டுச் சிப்பைத் தேடுகிறது, புது இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான். மெர்ஜ்ஐடிஇ என்ற சிறு திருத்தம் பொதுவான டிரைவர்களை விண்டோஸின் அமைப்புப் பதிவேட்டில் சேர்த்துவிடும். அதைப் பிம்பத்தின் நகலில் சேர்த்ததும் எக்ஸ்பி எழுந்தது. வன்பொருள் மாறியிருப்பதைக் கண்டு மறுபதிவு கேட்டது. உரிமப் பெட்டியும் சாவி எண்ணும் பத்திரமாக இருந்ததால் அது நேரம் பிடித்த வேலையாக மட்டுமே இருந்தது.

இங்கே இரண்டு ஏற்பாடுகள் முக்கியம். ஒன்று, பேஜ்மேக்கர் படங்களின் முழுப் பாதையை நினைவில் வைத்திருக்கும். பழைய கணினியில் வேலை எல்லாம் டி டிரைவில் இருந்தது. அதனால் லினக்ஸ் பக்கமுள்ள பகிர்வுக் கோப்புறையை எக்ஸ்பிக்குள் அதே டி என்ற எழுத்தில் காட்டினேன். பழைய பத்திரிகையைத் திறந்தால் பிள்ளையார் படம் எங்கே என்று கேட்காமல் திறந்தது.

இரண்டாவது, எக்ஸ்பியின் சி டிரைவை மாறா வட்டாக அமைத்தேன். நாள் முழுக்க உள்ளே என்ன நடந்தாலும் அடுத்த முறை இயக்கும்போது பழைய சுத்தமான நிலைக்கே திரும்பிவிடும். வேலைக் கோப்புகள் டியில் இருப்பதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. பாதி வேலையில் கரண்ட் போகும் ஊரில் இது பெரிய நிம்மதி.

எழுத்துமாற்றத்தில் பட்ட பாடு

அதிக நேரம் பிடித்தது இந்தப் பகுதிதான். ஓப்பன்-தமிழ் என்ற நிரல் நூலகத்தில் யூனிகோடிலிருந்து டாமுக்கு மாற்றும் வசதி இருக்கிறது. அதைச் சுற்றிச் சிறிய நிரல் ஒன்று எழுதி, பழைய பத்திரிகை ஒன்றின் வாசகத்தைக் கொடுத்து, சோதனை ப்ரூஃப் எடுத்து அக்காவிடம் நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “தம்பி, ஞாயிறுகிழமைன்னு வந்திருக்கு பாருங்க” என்றார். ‘ற்’, ‘க்’ இரண்டும் போயிருந்தன. கீழே ‘அழைப்பிதழ்’ என்பதில் ‘ப்’, ‘ழ்’ இரண்டும் இல்லை. ஆனால் ‘சென்னை’யில் ‘ன்’ சரியாக இருந்தது.

எது போனது, எது தங்கியது என்று பார்த்ததும் காரணம் பிடிபட்டது. டாமில் புள்ளி எழுத்துகளில் பல 128 முதல் 159 வரையுள்ள இடங்களில் இருக்கின்றன. விண்டோஸின் 1252 குறியேற்றத்தில் அந்த இடங்களில் மேற்கோள்குறி, சிலுவைக்குறி போன்றவை உண்டு. லத்தீன்-1 என்ற குறியேற்றத்தில் அங்கே எழுத்தே கிடையாது. கோப்பு லத்தீன்-1 ஆகச் சேமிக்கப்பட்டதால் அந்த எழுத்துகள் மட்டும் உதிர்ந்துவிட்டன. ‘ன்’ 161ஆம் இடத்தில் இருப்பதால் தப்பியது. 1252 ஆகச் சேமித்ததும் எல்லாம் திரும்பின. பழைய தமிழ்க் கோப்பைப் புது நிரலில் திறந்தால் புள்ளி எழுத்துகள் மட்டும் காணவில்லை என்று யாராவது சொன்னால், முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் ‘ஸ்ரீ’. பத்திரிகையிலும் நோட்டீஸிலும் அது இல்லாமல் ஒரு வரி நகராது. யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுதலாம். ‘ஸ்’ஸோடு ‘ரீ’ சேர்த்து எழுதுவது ஒன்று. 2005இல் யூனிகோடு 4.1இல் சேர்ந்த ‘ஶ’ என்ற எழுத்தை வைத்து எழுதுவது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கைப்பேசிகள் சில ஒரு விதமாகவும் சில மறு விதமாகவும் அனுப்பும். டாம் எழுத்துருவில் ‘ஸ்ரீ’க்கு ஒரே இடம்தான், இரண்டு வடிவங்களையும் அந்த ஓரிடத்துக்குக் கொண்டுவர நிரலில் தனி விதி எழுதினேன். தலைப்பில் வரும் ‘ௐ’ குறிக்கும் அப்படியே ஒரு விதி.

ஆங்கிலம் மூன்றாவது கண்ணி. டாம் எழுத்துருவில் ஆங்கில முகவரி விழுந்தால் எழுத்துக்கு எழுத்து வேறு தமிழ் ஆகிவிடும். ஆங்கிலப் பெரிய ‘ஐ’ அங்கே ‘மி’. நிரல் ஆங்கிலத்தைத் தொடாமல், அந்த வரிகளின் முன் ஒரு குறி போட்டுவிடும். அக்கா அவற்றுக்கு மட்டும் ஆங்கில ஸ்டைல் கொடுத்துவிட்டுக் குறியை அழித்துவிடுவார்.

பர்மியத்தைப் பேஜ்மேக்கருக்குள் தட்டுவதை நிறுத்திவிட்டோம். யூனிகோடு பர்மியத்தைக் கோத்துக் காட்ட எக்ஸ்பிக்குத் தெரியாது. மியான்மர் 2019 அக்டோபர் 1 முதல் அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறிவிட்டது, ஆனாலும் ஸாஜி என்ற பழைய பர்மியக் குறியேற்றத்தில் வாசகம் அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மியான்மர் டூல்ஸ் என்ற திறந்த மூல நூலகம் எது எந்த முறை என்று கண்டுபிடித்துச் சொல்லும். ஸாஜி என்றால் மாற்றிக்கொண்டு, லினக்ஸில் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை நிரலில் பியிடௌங்சு எழுத்துருவில் அமைத்து, எழுத்துகளை வெறும் கோட்டுருவமாக்கி, இ.பி.எஸ். என்ற அச்சுப் படக் கோப்பாக்கிப் பேஜ்மேக்கரில் படம்போல் வைக்கிறோம். திரையில் மங்கலாகத் தெரியும். அச்சு மொழியான போஸ்ட்ஸ்கிரிப்டில் ஒரு கோப்பாக அச்சிட்டு, லினக்ஸில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் நிரல் வழியே பி.டி.எஃப். ஆக்கினால் முடி அளவு கோடும் கூர்மையாக வருகிறது. அந்தப் பி.டி.எஃப்.பைத்தான் ட்ரேசிங் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்து பிளேட்டுக்குக் கொடுக்கிறார்கள்.

பின் நடந்தவை

ஆவணி முகூர்த்தங்களுக்கான பத்திரிகைகள் புது ஏற்பாட்டில் நேரத்துக்கு வெளியாயின. கைப்பேசியில் வந்த வாசகத்தை மறுபடி அடிக்கும் வேலை இல்லாமல் போனது. பெயர்ப் பிழைக்கான புகாரும் குறைந்தது என்று உரிமையாளர் சொல்கிறார். கருமாதிப் பத்திரிகைகளை மட்டும் அக்கா இன்னும் கையால்தான் அடிக்கிறார். வீட்டார் எதிரே உட்கார்ந்து சொல்லச் சொல்ல அடிப்பதுதான் முறை என்பது அவர் எண்ணம். லினக்ஸ் விசைமுறையில் ஜ, ஷ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளின் இடம் கொஞ்சம் மாறியிருந்தது அவருக்குச் சில வாரங்கள் இடைஞ்சலாக இருந்தது. விசை வரைபடக் கோப்பில் அவற்றை அவர் கைக்குப் பழகிய இடத்துக்கே மாற்றிக் கொடுத்தேன்.

மாறா வட்டு ஒரு சிக்கலும் கொடுத்தது. ஒரு கோயிலார் கொண்டுவந்த அலங்கார எழுத்துருவை மகன் எக்ஸ்பியில் நிறுவி, நோட்டீஸ் தலைப்பை அமைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். காலையில் எழுத்துருவைக் காணோம். தலைப்பு வேறு எழுத்தில் நின்றது. இப்போது நிறுவ வேண்டிய எழுத்துருக்கள் டியில் ஒரு தனிக் கோப்புறையில் சேர்கின்றன. மாதம் ஒருமுறை வட்டைத் திறந்து, நிறுவி, நகலெடுத்து, மறுபடி மூடுகிறோம். நடுவில் அவசரமென்றால் அன்றைக்கு மட்டும் நிறுவிக்கொள்வார்கள்.

டாங்கிள் பழைய கணினியோடு அலமாரியில் இருக்கிறது.

அடுத்த அச்சகத்தில் மாற்றவிருப்பவை

இந்த வேலை ஆடியில் வந்ததால் சமாளித்தோம். தை மாதம் நின்றிருந்தால் அச்சகம் முகூர்த்தக் காலம் முழுவதையும் இழந்திருக்கும். கணினி நல்லபடியாக ஓடும்போதே வட்டுப் பிம்பம் எடுத்து வைக்கும்படி, இதே மாதிரிக் கணினியோடு இருக்கும் இன்னும் இரண்டு தமிழ்க் கடைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் ஒப்புக்கொண்டார்.

எழுத்துமாற்ற விதிகளை இந்த முறை நிரலுக்குள்ளேயே எழுதினேன். அடுத்த இடத்தில் அவற்றைத் தனி அட்டவணைக் கோப்பாக வைப்பேன். அக்கா மாதிரி ப்ரூஃப் பார்ப்பவரே, நிரல் தெரியாமல், புது விதியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய கோப்புகளைப் பி.டி.எஃப். ஆக்கும் வேலை பாதியில் நிற்கிறது. பாடப்புத்தகமும் கோயில் மலர்களும் முடிந்தன. பாடப்புத்தகத்தின் வாசகத்தை டாமிலிருந்து யூனிகோடுக்கும் மாற்றி, ஒரு பிரதி கோயில் வகுப்பு ஆசிரியரிடமும் ஒன்று உரிமையாளரின் தம்பி வீட்டிலும் கொடுத்திருக்கிறோம். கல்யாணப் பத்திரிகைகளை மகன் ஆண்டுவாரியாகத் திறந்து மாற்றிக்கொண்டிருக்கிறார். இப்போது 2009இல் இருக்கிறார்.